வாத்து வாய் திறவாத மூன்று தருணங்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஒரு விடுதியின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில், என் தம்பி மகளின் வேலையைப் பற்றி ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. விதித்தவர் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். கேட்டுக்கொண்டவர்கள் தம்பி மகளும் நானும். துவைக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள் உரத்துப் பேசினார். அதைக் கோபம் என்று முதலில் எண்ணினேன். இரைச்சலால்தான் என்று பிறகு திருத்திக்கொண்டேன். கோபமும் இருந்தது என்பது கடைசியில் தெரிந்தது.

“மேடம், உங்க பொண்ணு மடிக்கிற துண்டு ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி இருக்கு. அதுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா மெஷின் நின்னது கூடத் தெரியாம மடிச்சுக்கிட்டே இருக்கா. ஈரத்துணி உள்ளயே கெடந்து நாறுது. சாப்பிடப் போனா போன எடத்துலயே உக்காந்துடுறா. இதுக்கு நடுவுல நீங்க வேற.”

“நான் என்ன செஞ்சேன்?”

“என்ன செய்யல? நாள் முழுக்க போன். ‘இப்ப மெஷினைத் திற, இப்ப சாப்பிடப் போ, இப்ப எழுந்திரு.’ இங்க சூப்பர்வைசர் நானா நீங்களா?”

இந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் நான் சொல்லவில்லை.

நிபந்தனை இதுதான்: ஆறு வாரங்களுக்கு, வேறொருவர் நினைவூட்டாமல், அவளாகவே வேளைக்கு வேளை வேலை மாற வேண்டும். கைபேசியில் ஏதேனும் செயலி வைத்துக்கொள்ளலாம். “மெஷின் சொல்லட்டும், மனுஷங்க சொல்லக் கூடாது” என்றார் மேற்பார்வையாளர். தவறினால் வேலை இல்லை.

வேலை போனால் என்ன ஆகும் என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தம்பி மகளுக்கு முப்பத்தொரு வயது. சிறுவயதில் ஓரிடத்தில் நில்லாமல் ஓடியதால் வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன் வாகன விபத்தில் தலையில் அடிபட்டது. பார்வைக்கும் பேச்சுக்கும் பழுதில்லை. ஆனால் எழுத்துகள் வரிசையில் நில்லாமல் ஊர்ந்து போகின்றன என்கிறாள்; இடக்கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை; ஒரு நாழிகையும் அரை நாளும் அவளுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. தாய் இல்லாத பெண். அவளுடைய தந்தையான என் தம்பி, விபத்துக்குப் பிறகு அவளைத் தன் வீட்டில், தொலைக்காட்சிக்கு எதிரே, ஒரு சோபாவில் உட்கார்த்தி வைத்துப் பாசத்தோடு பார்த்துக்கொண்டான். அவ்வளவு பாசத்தோடு பார்த்துக்கொண்டதில், ஓராண்டு முடிவதற்குள் அவள் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். நான் சென்று அழைத்து வந்தேன். இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு வாய் திரும்பி வந்தது. இப்போது சில வேளைகளில் அளவுக்கு மீறியும் வருகிறது.

நிபந்தனையைக் கேட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

“அத்தை, அந்த சோபாவுக்கு மட்டும் நான் போக மாட்டேன்.”

செயலியைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றேன். பணி ஓய்வு பெறும்வரை பள்ளிகளை ஆய்வு செய்தவள் நான். எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்புவதில்லை. பார்க்காததை நம்புவதே இல்லை. “நேர மேலாண்மைக்கும் அன்றாட நடைமுறைக்குமான, மாற்றுத்திறனாளிகள் எளிதில் பயன்படுத்தத்தக்க செயலி” என்று பிழையின்றித் தட்டச்சு செய்தேன். கைபேசி எனக்கு மேசை நாட்காட்டிகளின் விளம்பரத்தைக் காட்டியது.

விடாமல் தேடியதில் சில கிடைத்தன. எல்லாமே தம்மை ‘அனைவருக்குமானவை’ என்று சொல்லிக்கொண்டன. முதலாவது, உள்ளே விடுவதற்கு முன், நான் எந்திரமல்ல என்பதற்குச் சான்று கேட்டது. ஒன்பது மங்கலான படங்களைக் காட்டி, படிக்கட்டு உள்ளவற்றைத் தொடச் சொன்னது. அவளால் இயலவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முயன்றேன். எந்திரம் என்றே தீர்ப்பாயிற்று.

“விடுங்க அத்தை, உங்களைப் பத்தி அதுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு” என்றாள் புயல்.

அடுத்தது தமிழ் பேசும் செயலி. பல் துலக்கி முடித்ததாக அதைத் தொட்டால், “உங்கள் பணி உங்களை முடித்துவிட்டது, வாழ்த்துகள்” என்றது. அதன் பிழைகளைத் திருத்தி உரியவர்களுக்கு விரிவாக எழுதினேன். எழுதியமைக்கு நன்றி, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வந்தது. இன்னொன்றில் எழுத்துகள் சாம்பல் நிறத்தில், சாம்பல் பின்னணியில், எறும்பு வரிசைபோல் இருந்தன; அழுத்த வேண்டிய பொத்தான் திரையின் மேல்மூலையில் தோன்றி, அவளுடைய விரல் அங்கே போய்ச் சேருவதற்குள் மறைந்தது.

வேறொன்றில் ஒரு மீன் இருந்தது. வேலைகளை நேரத்துக்குச் செய்தால் மீன் நீந்தும். தவறினால் வெளிறி, மல்லாந்து மிதக்கும். இதை ஊக்கமளிக்கும் முறை என்று விவரித்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை அவள் சிவந்த கண்களோடு வீடு திரும்பினாள்.

“நான் பாட்டுக்குத் துண்டு மடிச்சுக்கிட்டிருந்தேன் அத்தை. மீன் செத்துப்போச்சு.”

“அது படம்மா. உண்மையான மீன் இல்ல.”

“எனக்குத் தெரியாதா? படத்தைக்கூடக் காப்பாத்த முடியலன்னுதான் அழறேன்.”

அதை நானே நீக்கினேன். இவ்வகையில் முதல் வாரம் கழிந்தது. அதுவரை அவளுடைய வேலை சலவைக்கூடத்தாரின் நல்லெண்ணத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் செயலியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, தன் கைபேசியை வாயருகே பிடித்து, “எனக்கு எல்லாம் மறந்து போகுது. படமா காட்டு. திட்டாதே” என்று அதனிடம் சொன்னாள். உடனே ஒரு மஞ்சள் வாத்து வந்து நின்றது.

அது சிறு குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட செயலி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம். படத்தை நாமே எடுத்து ஒட்டலாம். நாமே குரலும் பதியலாம். நேரம் வந்ததும் கைபேசி அதிரும், வாத்து ‘குவாக்’ என்று கத்தும், படம் திரை முழுதும் விரியும். எங்கே தொட்டாலும் போதும். படிக்க ஒரு சொல்லும் கிடையாது. ஆகவே பிழையும் கிடையாது.

“முப்பத்தொரு வயசுப் பொண்ணுக்கு வாத்து வந்து வேலை சொல்றதா?” என்றேன்.

“வாத்துக்கு மூக்குக்கண்ணாடி இல்லை. அது ஒண்ணே எனக்குப் போதும் அத்தை.”

நான் இணங்கினேன். ஆனால் ஒரு மாற்றம் செய்தேன். கவனிக்காவிட்டால் வாத்து சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கத்தும்படி அமைந்திருந்தது. ஒன்றை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொல்வது கேட்பவரைக் கெடுக்கும் என்பது என் கொள்கை. மீண்டும் கத்தும் வசதியை அணைத்துவிட்டேன்.

வாத்து வேலையில் சேர்ந்தது. சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் குறித்த நேரத்தில் இயங்கி, குறித்த நேரத்தில் நிற்பவை. ஆதலால் அன்றாடப் படங்களை நாங்கள் முன்கூட்டியே அடுக்க முடிந்தது. துவைக்கும் இயந்திரத்தின் கதவு, உலர்த்தியின் கதவு, சாப்பாட்டுப் பெட்டி, மறுபடியும் மடிக்கும் மேசை. ஏப்ரன் பையில் கைபேசி அதிரும்; அவள் எடுத்துப் பார்ப்பாள்; போவாள். விரிப்புகளை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்க்கும் பெண்மணி, அங்கே எல்லோருக்கும் உருளையக்கா, வாத்து கத்தும்போதெல்லாம் தானும் கத்தத் தொடங்கினாராம். கூடத்தில் இரு வாத்துகள் என்று புயல் சொல்லிச் சிரித்தாள்.

இந்நிலையில், பொறுப்புள்ள எவரும் கேட்கும் கேள்வியை நான் கேட்டுக்கொண்டேன்: நான் பார்க்காதபோது இந்த வாத்து ஒழுங்காகக் கத்துகிறதா?

தொலைபேசியில் ஏவக்கூடாது என்பதுதான் நிபந்தனை. நினைவூட்டுவது வேறு, நினைவூட்டப்பட்டதா என்று விசாரிப்பது வேறு. முன்னது தலையீடு, பின்னது ஆய்வு. ஆய்வு என்றால் முன்னறிவிப்பின்றி, உரிய நொடியில் நடக்க வேண்டும். பள்ளிக்கு வரும் நாளை முன்னதாகத் தெரிவித்துவிட்டுச் சென்றால் சுவருக்கு அடித்த சுண்ணாம்பைத்தான் பார்க்கலாம். ஆகவே நாள்தோறும் அல்ல, எப்போதேனும் ஒருமுறை, வாத்து கத்த வேண்டிய நிமிடத்தில் அவளை அழைப்பது என்று முடிவு செய்தேன். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. “வாத்து கத்துச்சா?” என்று மட்டும் கேட்பேன். விடையைக் கேட்டதும் வைத்துவிடுவேன். நிபந்தனையை நான் எழுத்துக்கு எழுத்து காத்தேன்.

முதல் ஆய்வின்போது, “இல்லையே அத்தை” என்றாள். நான் சற்று நேரம் தொடர்பிலேயே காத்திருந்தேன். வாத்தின் ஒலி எதுவும் கேட்கவில்லை. வைத்துவிட்டேன். அன்று ஓர் இயந்திரம் நிறைய ஈரத்துண்டுகள் மாலைவரை உள்ளேயே கிடந்தன.

அடுத்த வாரம் இரண்டாம் ஆய்வு. அப்போதும் வாத்து கத்தவில்லை. சாப்பாட்டு வேளை முடிந்தது தெரியாமல் அவள் பின்வாசலிலேயே உட்கார்ந்திருக்க, மாற்றிவிட ஆள் இல்லாமல் உருளையக்கா பசியோடு நின்றார். அவர் அன்று கத்தவில்லை, திட்டினார் என்று கேள்வி.

மூன்றாம் ஆய்வில் உலர்த்தி. வேண்டிய நேரத்துக்குள் எடுத்து மடிக்காத விரிப்புகள், மீண்டும் துவைத்தாலொழிய விருந்தினருக்குப் போட முடியாத அளவுக்குக் கசங்கின.

மூன்று ஆய்வு, மூன்று தோல்வி. ஆய்வு செய்யாத வேளைகளில் எத்தனை தோல்விகளோ என்று நான் அஞ்சினேன். மேற்பார்வையாளரோ மூன்றை மட்டுமே சொன்னார். அவருடைய கண்காணிப்பு போதாது என்று குறித்துக்கொண்டேன்.

“இனி ஒரு தடவை நடந்தா அவ்வளவுதான் மேடம்” என்று அவர் தொலைபேசியில் சொன்னதை நான் தம்பிக்குத் தெரிவித்தேன். மறைப்பது என் வழக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் காரில் வந்து இறங்கினான்.

“போதும் அக்கா. பாத்தாச்சு. நான் கூட்டிட்டுப் போறேன். வீட்டுல அவளுக்கு என்ன குறை? சோபாவுக்குப் புது உறை கூடப் போட்டிருக்கேன்.”

புயல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே காய்ந்த துணிக்குவியல். ஒரு கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். பேசவில்லை. தம்பி வீட்டிலிருந்து நான் அழைத்து வந்த நாளன்று இருந்த அதே முகம்.

“குறை அவ மேல இல்ல,” என்றேன். “ஆப்புலதான் குறை. வீட்டுல ஒரு நாளும் தவறாம கத்துது. வேலையில மூணு தடவை கத்தல.”

“கத்துச்சோ என்னவோ. இவ கவனிச்சிருக்க மாட்டா.”

“கத்தல. எனக்கு நிச்சயமாத் தெரியும். மூணு தடவையும் சரியா அந்த நிமிஷத்துல நான் இவகூட லைன்ல இருந்தேன். நானே சாட்சி.”

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

“மூணு தடவையும் நீங்க போன்ல இருந்தீங்களா அக்கா?”

“ஆமா.”

“மத்த நாள்ல?”

“மத்த நாள்ல கூப்பிடலையே. அதனாலதான் மத்த நாள் நிலவரம் எனக்குத் தெரியல.”

புயல் கைக்குட்டையை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். வலக்கையால், மெதுவாக, அடுத்த நிமிடத்துக்கு ஒரு படத்தை வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியின் படம். மேசை நடுவில் வைத்தாள். நிமிடம் மாறியது. கைபேசி நடுங்கியது, வாத்து முழுத்தொண்டையில் கத்தியது, தம்பி திடுக்கிட்டான்.

மறுபடியும் ஒரு படம் வைத்தாள்.

“அத்தை, இப்ப நீங்க சமையலறைக்குப் போய் என்னைக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். சமையலறைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். நிமிடம் மாறியது. ஒலியில்லை. வெளியே வந்து பார்த்தேன். கைபேசியின் திரையில் மூக்குக்கண்ணாடி அணிந்த என் நிழற்படம் மட்டுமே இருந்தது. நான் தொடர்பைத் துண்டித்ததும் அது மறைந்தது. வாத்து அடியில், தன் முறை முடிந்ததாக எண்ணி, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க பேசுறப்ப வாத்து பேசாது அத்தை,” என்றாள் புயல். “மரியாதை தெரிஞ்ச வாத்து.”

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. இல்லாவிட்டால் அதை அவ்வளவு நேரம் அனுமதித்திருக்க மாட்டேன்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டேன்.

“நீங்க வந்தா அது வராதுன்னு தெரியும். ஆனா அது தப்புன்னு தெரியாது. லாண்டரில மாத்திவிட ஒருத்தர் வந்தா, முன்ன நின்னவங்க போயிடுவாங்க. வாத்தை மாத்திவிட நீங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். மெஷினைத் திறன்னு நீங்க சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ‘வாத்து கத்துச்சா’ன்னு கேட்டுட்டு வச்சுட்டீங்க.”

“சொல்லக் கூடாதுன்னு நிபந்தனை.”

“அதான் அத்தை. வாத்தையும் சொல்ல விடல, நீங்களும் சொல்லல.”

“நீ எடுக்காம இருந்திருக்கலாமே?”

தந்தையும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்:

“உங்க போனையா?”

மறுநாள் காலை நாங்கள் மூவரும் சலவைக்கூடத்துக்குச் சென்றோம். நடந்ததை நான் வரிசைப்படி எடுத்துரைத்தேன். மேற்பார்வையாளர் குறுக்கிடாமல் கேட்டார். இயந்திரங்களின் இரைச்சலில் உருளையக்கா மட்டும் நகர்ந்து நகர்ந்து அருகே வந்துகொண்டிருந்தார்.

“போன் பண்ணக் கூடாதுன்னு நான் சொன்னேன்ல மேடம்?”

“ஞாபகப்படுத்தக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. நான் ஞாபகப்படுத்தல. ஆய்வு பண்ணேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உருளையக்கா, “எனக்கு அன்னைக்குச் சோறு கெடைக்காமப் போனது ஆய்வுனாலயா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்கு வருந்துகிறேன் என்றும் சொன்னேன்.

“அப்ப அந்த மூணு நாள் தவிர?” என்று மேற்பார்வையாளர் தம் ஆட்களைப் பார்த்துக் கேட்டார்.

“அவதான் என்னை நேரத்துக்கு மாத்தி விடுறா” என்றார் உருளையக்கா. “வாத்து கத்தினாதான் எனக்கே சாப்பாட்டு நேரம் தெரியுது.”

மேற்பார்வையாளர் புயலின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உனக்கு இங்க இருக்கணுமா?”

“இருக்கணும்” என்றாள். பிறகு, கேட்காமலே, “துண்டு மெஷின் இப்ப நின்னிருக்கும்” என்றாள். அவளுடைய ஏப்ரன் பை அந்நேரம் அதிர்ந்தது. அவள் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்காகக் கூடிய கூட்டத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

இறுதியாக முடிவானவை பின்வருமாறு. மூன்று தவறுகளும் அவள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வாத்து மீண்டும் மீண்டும் கத்தும் வசதி, என் கொள்கைக்கு மாறாக, திரும்பவும் இயக்கப்பட்டது. வேலை நேரத்தில் நான் அவளை அழைப்பதில்லை; எக்காரணத்துக்காகவும், எப்பெயரிட்டும் இல்லை என்று மேற்பார்வையாளர் சேர்த்துச் சொன்னார். தம்பி தன் ஊருக்குத் தனியே திரும்பினான். அதே வாத்துச் செயலி என் கைபேசியிலும் நிறுவப்பட்டது. நான் அவளை அழைத்துவிடக்கூடிய வேளைகளில் அதில் என் கைபேசியின் படமே தோன்றுகிறது; “அத்தை, போனைக் கீழ வைங்க” என்று புயலின் குரல் சொல்கிறது; வைக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான் வைத்துவிடுகிறேன். ஆறு வாரம் முடிந்த ஏப்ரல் பதினைந்தாம் நாள் முதல் அவளுடைய வேலை நிரந்தரமாக்கப்பட்டது.